ஆறரைக்கு ஒரு பெயர்

ஜெயக்குமார் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் டிரான்ஸிஸ்டர். அதற்குள்ளிருந்து காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு படபடப்பு. நிற்கவே இல்லை.

மணி ஆறு தாண்டிவிட்டது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஆறரைக்குள் கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் விட்டது விட்டதுதான். இன்னொரு நாள் கிடையாது.

கீழே மனைவி விஜயராணி வழிமறித்தாள். மாவு வாங்கிவரச் சொன்னது என்னாயிற்று என்று கேட்டாள். ஆறு மணி ஆனால் எதிர்வீட்டில் புது மாவு கிடைக்காது, ஆபீஸ் விட்டு வருகிற பெண்களெல்லாம் வெறும் தூக்கோடு திரும்புகிறார்கள், இது தெருவுக்கே தெரியும், இந்த வீட்டு மனுஷருக்கு மட்டும் தெரியாது என்றாள்.

“வந்து பேசிக்கலாம் ராணி. தீப்புடிச்ச அவசரம்.”

“உங்களுக்குத் தினம் ரேடியோவுலதான் தீப்பிடிக்குது.”

அதற்குள் ஜெயக்குமார் வாசலைத் தாண்டிவிட்டார்.

ஜெயக்குமாருக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். ஆபீசும் வீடும் போக மிச்சமிருக்கும் மனுஷர் மீடியம் வேவுக்குச் சொந்தம். தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. பாட்டு கேட்பதற்காக அல்ல. எவ்வளவு தூரம், எவ்வளவு சின்ன நிலையம் என்பதில்தான் ருசி. பகலில் பக்கத்து ஜில்லாவோடு ஓய்ந்துவிடும் அலைகள், பொழுது சாய்ந்ததும் வானத்தில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டி வரும். கிழக்கே முதலில் இருட்டுகிறது. அதனால் அந்தியில் கிழக்கத்தி நிலையங்களுக்குத்தான் முதல் வரிசை.

இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு விதி. நிலையம் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அதை நம் காதால் கேட்க வேண்டும். கேட்காமலே கேட்டதாகச் சொன்னால் யாரும் சட்டையைப் பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் யாரும் சொல்வதில்லை. கேட்டவர், இன்ன நேரத்தில் இன்னது கேட்டேன், நன்றி என்று எழுதிப் போடுவார். நிலையத்துக்காரர் ஆமாம் நாங்கள்தான் என்று ஓர் அட்டை அனுப்புவார்.

தென் பிலிப்பைன்ஸில் ஒரு துறைமுக ஊர். அங்கே மீனவர்களுக்கென்று ஒரு சிறு நிலையம். வருஷக்கணக்காக அதன் முணுமுணுப்பு மட்டும் ஜெயக்குமாருக்குக் கிடைத்து வந்தது. பெயர் சொல்கிற நேரம் பார்த்து அலை அமுங்கிவிடும். இன்று அந்த நிலையம் மீடியம் வேவை மூடுகிறது. அவர்கள் ஊரில் மணி ஒன்பது அடிக்கும்போது கடைசியாகப் பெயரைச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒன்பது என்றால் நமக்கு ஆறரை.

இன்றைக்குப் பார்த்துத்தான் இந்தப் படபடப்பு.

அதுவும் லூப் இருக்கும்போதே! அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. போன வருஷம் மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி அவரே செய்து மாடியில் நிறுத்திய ஏரியல் அது. அதை வைத்த வாரத்திலிருந்து, அந்தி நேரத்தில் அவரை அழவைத்துக்கொண்டிருந்த இரைச்சல் ஒரேயடியாகக் காணாமல் போனது. ரேடியோ நண்பர்களின் வாட்ஸப் குழுவில் அளவு முதற்கொண்டு போட்டு மார்தட்டிக்கொண்டார். உறையூர் ரசூல் அதே அளவில் இரண்டு தடவை செய்து பார்த்தார். இரைச்சல் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. உறையூர்க்காரருக்குத் தறிநூல் சுற்றத்தான் வரும், கம்பி சுற்ற வராது என்று ஜெயக்குமார் கிண்டலடித்தார். ஆயுத பூஜைக்குத் தன் லூப்புக்குச் சந்தனம் குங்குமமும் வைத்தார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

தெருவில் நின்று ரேடியோவை மெல்லத் திருப்பினார். உள்ளே அலையைப் பிடிக்கும் கருப்புக் குச்சியின் முனை சத்தம் பிறக்கும் இடத்தை நேராகப் பார்த்தால், சத்தம் தணியும். முதல் சந்தேகம் வைகுண்ட ஏகாதசிக்காகத் தெருவில் கட்டியிருந்த சீரியல் லைட் மேல். அதை இன்னும் போடவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

தணிந்தது. முனை காட்டியது எதிர்வீட்டை, இருசம்மாள் வீட்டை.

ஜெயக்குமார் மறுபடி திருப்பிப் பார்த்தார். அதே வீடுதான்.

இருசம்மாள் மாவு அரைத்து விற்பவர். இரண்டு பெரிய கிரைண்டர்கள். போன வருஷம் ஆடியில், லூப் வைப்பதற்குச் சில நாள் முன்னால், ஜெயக்குமார் போய், பொழுது சாயும் நேரத்தில் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டுத் தொலைத்தார். உங்களுக்குக் கொர்ருன்னு கேக்குறதுக்கு நான் பொழப்பை மூடணுமா என்று ஆரம்பித்து, தெருக்கோடி வரை கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் அந்தம்மா. அதோடு பேச்சு நின்றது. எதிரெதிர் வாசல், ஒன்றரை வருஷமாக மௌனம்.

மணியைப் பார்த்தார். படியேறினார்.

“வாங்க ரேடியோ சார்” என்றார் இருசம்மாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. “வழி தெரிஞ்சுதா?”

“அக்கா, உங்க வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வருது. ரேடியோவுல.”

“கிரைண்டர் ஓடலையே. பாருங்க.”

பார்த்தார். இரண்டும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஆனால் ரேடியோ முன்னைவிட மோசமாகக் கத்தியது.

“உள்ள வரலாமா?”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மாவு இருக்கிற எடம்.”

கூடத்தைத் தாண்டி, பின்னறைக்குப் போகப் போகப் படபடப்பு ஏறியது. அங்கே மாவு வைக்கும் பெரிய ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரை மறைத்து, உத்தரம் வரை அரிசி மூட்டை. ஏகாதசிக் கூட்டத்துக்காகத் துறையூரிலிருந்து அன்று காலைதான் இறக்கியிருந்தார்கள். மூட்டைகளின் அருகே கொண்டுபோனதும் ரேடியோ அலறியது. ஜெயக்குமார் இடுக்கில் கையை விட்டுச் சுவரைத் தொட்டார்.

சுட்டது.

“அக்கா, மெயினை அணைங்க.”

“ஃப்ரீசர்ல நாளைக்குக் குடுக்க வேண்டிய மாவு மொத்தமும் இருக்கு. புளிச்சுப்போச்சுன்னா நீங்க திங்கிறீங்களா?”

“திங்கிறேன். மொதல்ல அணைங்க.”

அப்போதுதான் அந்த நாற்றம் இருசம்மாளுக்கும் எட்டியது. சணல் கருகும் நாற்றம். ஓடினார். மெயின் ஸ்விட்ச் தடக்கென்று விழுந்தது. கூடத்தில் எரிந்த ஒற்றைக் குண்டு பல்பும் அணைந்து வீடு இருண்டது. ரேடியோவின் படபடப்பு அறுத்துவிட்ட மாதிரி நின்றது.

ஜெயக்குமார் ஜெயித்துவிட்டார். தெருவைத் தாண்டி, மாடி ஏறி, லூப்பைத் திருப்ப நேரம் இருந்தது. ஓடினால் போதும்.

மூட்டை இடுக்கில் ஒரு சிவப்புக் கண் திறந்து மூடியது. கங்கு.

“நீங்க போங்க” என்றார் இருசம்மாள், இருட்டில் வாளியைத் தேடியபடி. “உங்களுக்கு நேரமாச்சு. நான் பாத்துக்குறேன்.”

போகவில்லை. ரேடியோவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். செல்போன் வெளிச்சத்தில் மேல் மூட்டையைத் தோளால் முட்டிச் சரித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. இடுப்பில் ஏதோ சுளுக்கியது. கடைசி மூட்டையை இழுத்தபோது சாக்கின் ஓரம் குப்பென்று பற்றியது. இருசம்மாள் வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினார். சுர்ரென்று அடங்கியது.

சுவரில், ஃப்ரீசருக்குப் போகும் ஒயரில் எப்போதோ போட்ட ஒட்டு. மூட்டைகள் அழுத்தி அதை நெகிழ்த்தியிருந்தன. சுற்றியிருந்த டேப் உருகி வழிந்திருந்தது. உள்ளே விடாமல் பொறி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினைத் தொட வேண்டாம் என்றார் ஜெயக்குமார். இருசம்மாள் தலையாட்டினார். தினமும் இந்தச் சுவரோரம்தான் தலைவைத்துப் படுப்பேன் என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அது கேட்டது.

ஜன்னல் விளிம்பிலிருந்து, கடலலையைக் கிண்ணத்தில் அள்ளிவைத்தாற்போல் ஒரு மெல்லிய இரைச்சல். அதற்கு மேலே ஓர் ஆண் குரல். வயதான, நிதானமான, அவசரப்படாத குரல். பிறகு ஒரு மணியோசை. ஜெயக்குமார் கரி படிந்த கையோடு அசையாமல் நின்றார். இருசம்மாள் வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டார், சத்தம் வரக்கூடாதென்று.

குரல் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சொன்னது, நிலையத்தின் பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னது. ஏதோ ஒரு வார்த்தை. அது நன்றியாகத்தான் இருக்க வேண்டும். அதோடு அணைந்தது. பின்னால் வெறும் அலை.

ஜெயக்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. புகைதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

போன் அடித்தது. ரசூல். கிடைத்ததா என்றார். கிடைத்தது பாய், பெயரோடு கிடைத்தது என்றார் ஜெயக்குமார். பார்த்தீரா லூப்பின் மகிமை, என்னுடையது இன்றும் கழுத்தறுத்துவிட்டது என்று ரசூல் புலம்பினார். ஜெயக்குமார் ஆமாம் சொல்ல வாயெடுத்தார். கண் ஜன்னல் விளிம்பிலிருந்த டிரான்ஸிஸ்டர் மேல் போனது.

லூப் தெருவுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு மாடியில் அல்லவா இருக்கிறது!

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தார். லூப் இல்லாமலே, இந்த வீட்டு மெயினை அணைத்ததும் பளிங்கு மாதிரி கேட்டதென்றால், இத்தனை நாள் அந்தி இரைச்சலை நிறுத்தி வைத்திருந்தது எது? வாய்விட்டே கேட்டுவிட்டார்.

இருசம்மாள் சிரித்தார்.

“போன வருசம் நம்ம சண்டை நடந்துச்சுல்ல தம்பி? மறுநாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. தெருவே திட்டிக்கிட்டு நிக்கிது. நீங்க ஒருத்தர் மட்டும் மாடியில ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க, கொழந்தை மாதிரி. அப்படி என்னதான் கேக்குதுன்னு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா தெரு பூரா கேக்கத் திட்டிட்டு, உங்ககிட்ட வந்து நீங்க சொன்னது நியாயந்தான்னு எந்த மூஞ்சியோட சொல்றது?”

வாளியை மூலையில் வைத்தார்.

“அன்னையிலேர்ந்து ஆறு மணியானா ஃப்ரீசரைத் தவிர கிரைண்டர், டிவி, டியூப்லைட்டு எல்லாத்தையும் அணைச்சிட்டு உக்காந்திருக்கேன். ஏழு மணிக்கு நீங்க மாடியை விட்டு எறங்குனப்புறந்தான் போடுவேன்.”