மாதா சேலையில் ஒட்டிய சிவப்பு அம்பு

மாதாவுக்குச் சேலை கட்டுவதென்றால் நம் இடுப்பில் சுற்றிக்கொள்வது மாதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுரூபம் மரத்தில் செய்தது. கொசுவத்தைச் செருக இடம் கிடையாது. கும்பிட்ட கைக்கு நடுவில் முந்தானையை நுழைக்கும்போது விரலில் உரசினால் பெயின்ட் உரியும். ஸ்டூல் மேல் நின்று, வாயில் நாலு ஊக்கைக் கடித்துக்கொண்டு, பதினெட்டு வருஷம் இதை நான் செய்தேன். எந்த வீட்டு நேர்ச்சைச் சேலையாக இருந்தாலும் சனிக்கிழமை சாயந்திரம் கட்டி முடித்துவிடுவேன். ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்கு மாதா புதுச் சேலையில் நிற்பாள். அந்தச் சேலைகளை வைக்கும் பீரோவின் சாவி பதினெட்டு வருஷமும் என் இடுப்பில் தொங்கியது.

இப்போது அது விஜயராணியின் இடுப்பில் தொங்குகிறது.

கொடுத்தது நான்தான். அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆடி மாசம் எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. மூன்று சனிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை ஓவர்டைம் போட்டார்கள். "மூணு வாரத்துக்கு யாராச்சும் பாத்துக்கட்டுங்க ஃபாதர்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அருள்செல்வன் ஃபாதர் அதை விஜயராணியிடம் கொடுத்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து முழுசாக மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அவள் ஊக்கே குத்துவதில்லை. வீட்டிலேயே கொசுவத்தை விரற்கடை அளவுக்கு மடித்து, உள்ளே நூலோட்டி, அயர்ன் பண்ணி எடுத்து வருகிறாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு மாதா முன்னால் போய் நின்றார்கள். சாயந்திரம் பார்த்தால் பாட்டுக் குழுப் பிள்ளைகள் முதல் பால்காரர் பெண்டாட்டி வரை எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் மாதாதான்.

"பதினெட்டு வருசத்துல நான் கட்டுனதை ஒருத்தியாச்சும் ஸ்டேட்டஸ் வெச்சாளா?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏன்டி, மாதாவையா வெச்சாங்க, அவ கட்டுனதையா வெச்சாங்க?" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

நாலாவது சனிக்கிழமை சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு போனேன். ஃபாதர் சிரித்தபடியே, "நிர்மலாம்மா, உங்களுக்கும் கம்பெனியில வேலை ஜாஸ்தி. விஜயராணியே பாத்துக்கட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ரெஸ்ட்! எனக்கென்ன எண்பது வயசா? "செரிங்க ஃபாதர்" என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்தால் விஜயராணி நிற்கிறாள். "அக்கா, ஏதும் தப்பா கட்டியிருந்தா சொல்லுங்கக்கா, திருத்திக்கிடுதேன்" என்கிறாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கின கதைதான். அதையும் அக்கா அக்கா என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினாள். உண்மையைச் சொல்வதற்கென்ன, வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. கண் முழுக்க மாதாவின் கொசுவத்தில்தான். எங்காவது ஒரு மடிப்பு ஏறி இறங்கியிருக்காதா, முந்தானை ஒரு பக்கம் சரிந்திருக்காதா என்று பார்த்தேன். ஒரு குறையும் சிக்கவில்லை. என் கண்ணுக்கே சிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஏனென்றால் என் வேலையே குறை கண்டுபிடிப்பது. இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, ஓட்டையோ ஆயில் கறையோ விட்டுப்போன தையலோ தெரிந்தால், அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டின பீஸ் டேமேஜ் கூடைக்குப் போய்விடும். கண் பார்ப்பதற்கு முன்னால் கை ஒட்டிவிடும், அப்படி ஒரு பழக்கம். ஒரு தடவை எங்கள் வீட்டுக்காரர் பட்டன் போன சட்டையோடு கல்யாணத்துக்குப் போய், பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் என் அம்போடு பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

மாதா விஷயத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன். நேர்ச்சைச் சேலையில் ஒரு நூல் இழுத்திருந்தால்கூடக் கட்டமாட்டேன். கொடுத்தவர்களையே கூப்பிட்டு, "ஏனுங்க, மாதாவுக்கு இதையா குடுக்கறது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு டேமேஜ் சேலை மாதா மேல் ஏறியதில்லை. விஜயராணியைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

புரட்டாசியில் எங்கள் கோயில் தேர்த்திருவிழா வரும். தேரில் ஏறும் மாதாவுக்குச் சேலை கட்டப்போவது யார் என்று ஃபாதர் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் சாவி என் கைக்கு வராவிட்டால் இனி எப்போதும் வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயந்திரம், கம்பெனி வேனில் இருந்து கோயில் வாசலிலேயே இறங்கினேன். வேலை செய்த கையோடு, கழுத்தில் ஐடி கார்டோடு, அதன் பின்னால் ஒட்டி வைத்த மிச்ச ஸ்டிக்கர்களோடு உள்ளே போனேன். விஜயராணி கட்டி முடித்துவிட்டுப் போயிருந்தாள். கோயிலில் யாரும் இல்லை.

ஊதாவில் வெள்ளைப் பூப் போட்ட சேலை. கொசுவம் வழக்கம்போல எண்ணி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் பூக்கள் ஏனோ வெளுத்துத் தெரிந்தன. குனிந்து கீழ்க்கரையைத் தூக்கிப் பார்த்தேன். மடித்துத் தைத்த ஓரம் வெளியே தெரிந்தது. அடி சக்கை! சேலையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கட்டியிருக்கிறாள்! டைலராம் டைலர்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதாவின் முன்னால் நின்றுகொண்டே வாய்விட்டுச் சிரித்தேன். அப்போதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், பத்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. நாளைக்குப் பூசைக்கு வரும் இருநூறு பேரும் பார்க்கட்டும், ஃபாதரும் பார்க்கட்டும், சாவி தானாக வரும் என்று வீட்டுக்குப் போனேன். இரண்டு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பூசையில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. இருநூறு பேர் கண்ணும் பொட்டையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பூசை முடிந்து, மாதா சேலையைத் தொட்டு முத்தம் கொடுக்க வழக்கம்போல வரிசை நின்றது. நானும் போய் நின்றேன். "என்ன விஜயராணி, சேலை திருப்பிக் கட்டியிருக்குதாட்ட?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வதற்கு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றது செல்லத்தாய். என் டேபிளில் ஏழு வருஷமாக நூல் பிசிறு வெட்டுகிறவள், கோயில்பட்டிப் பக்கம். இவள் சாமி கும்பிடுவது மாரியம்மன் கோயிலில், பூசைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அவள் புருஷன் காசிமாயன் பைக்கில் போகும்போது லாரி தட்டி, ஒரு மாசமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும்.

அவள் குனிந்து சேலைக்கரையை முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள். விரலால் ஒரு இடத்தைத் தடவினாள். அப்புறம், "எம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

எட்டிப் பார்த்தேன். கீழ்க்கரையில், தையலைப் பார்த்துக்கொண்டு, சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது.

என் ஸ்டிக்கர். நான் ஒட்டியதாகவே நினைப்பில்லை. கரையைத் தூக்கிப் பார்த்த கை, குறையைக் கண்டதும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"என் சேலைய வேண்டாம்னுட்டாளே! டேமேஜுன்னு ஒதுக்கிட்டாளே!" செல்லத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு சொன்னாகளே தாயே... அவுக பொழச்சதுக்குத்தான இந்தச் சேல... நான் என்ன கொற வச்சேன்?"

ஏழு வருஷமாக அம்பு ஒட்டின பீஸை டேமேஜ் கூடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இது இவள் சேலையா, ஒரே டேபிளில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விஜயராணியிடம் போய்க் கொடுத்திருக்கிறாளே என்பதுதான். என் புத்தி அப்படி.

சத்தம் கேட்டு விஜயராணி ஓடி வந்தாள். அம்பைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பூசைக்கு வருகிறவர்களில் செக்கிங்கில் இருப்பது நான் ஒருத்திதான், அது எல்லோருக்கும் தெரியும். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

அவள் செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழாதீகக்கா. அது நான் ஒட்டுனது. எதுவரைக்கும் மடிக்கணும்னு அடையாளத்துக்கு ஒட்டுனேன், எடுக்க மறந்துட்டேன். அம்புட்டுதான்."

செல்லத்தாய் முகம் தெளிந்துவிட்டது. விஜயராணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லாருக்கணும் தாயி. உன் பிள்ளைக நல்லாருக்கணும்."

நான் தப்பித்துவிட்டேன். பேசாமல் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டாள், பேரை எடுத்துக்கொண்டாள், என் டேபிள்காரியை எடுத்துக்கொண்டாள். இப்போது நான் செய்த பாவத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கும் ஆசீர்வாதம் வாங்குகிறாளே!

"அவ இல்லீங்க" என்றேன். "ஒட்டுனது நானுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஃபாதர் பூசை உடையைக் கழற்றிவிட்டு அப்போதுதான் வெளியே வந்தார், அவரும் நின்றுவிட்டார். செல்லத்தாய் மெதுவாக எழுந்தாள்.

"நீங்களா யக்கா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்பக் கொற இல்லாம இருக்காதே. ஏழு வருசமா பாக்கேன், உங்க கண்ணு தப்பாதே. எங்கக்கா கொற? காட்டுங்க."

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. திருப்பிக் கட்டியிருக்கிறாள் என்று சொன்னால் போதும், அவள் சேலை தப்பிக்கும், குற்றம் விஜயராணி மேல் விழும், சாவி என் இடுப்புக்கு வரும். காட்டுவதற்காகவே குனிந்தேன். விஜயராணி வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கரையை நன்றாகத் தூக்கி உள்ளே பார்த்தேன்.

சேலையின் நல்ல பக்கம் உள்ளே இருந்தது. அதில் பூக்களுக்கு நடுவே ஒரு முழ நீளத்துக்குப் பிரிண்ட் கறுப்பாக இழுகிக் கிடந்தது. குறைப்பட்டதென்று கழித்துத் தள்ளுவண்டியில் மலிவாக விற்கிற செகண்ட்ஸ் சேலை. செல்லத்தாய் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது, ஆசையாக வாங்கியிருக்கிறாள். விஜயராணிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் திருப்பிக் கட்டியிருக்கிறாள்.

நகத்தால் அந்த அம்பை உரித்தேன்.

"கொறை ஒண்ணுமில்லீங்க செல்லத்தாயி" என்றேன். "கைப் பழக்கத்துல ஒட்டிப்போட்டேன். பீஸ் ஓகே."

"ஓகேதானக்கா?"

"ஓகேங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டேமேஜ் பீஸை நான் ஓகே சொல்லி அனுப்பியது அது ஒன்றுதான். "நீங்க சொன்னா சரிதான்" என்று செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரைக்கு முத்தம் கொடுத்தாள். புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும் என்று உடனே கிளம்பியும் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. ஃபாதரும் உள்ளே போய்விட்டார். விஜயராணி பக்கத்தில் வந்து, இடுப்பில் இருந்து சாவியைக் கழற்றி நீட்டினாள். "திருவிழாவுக்கு நீங்களே கட்டுங்கக்கா. நான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கிடுதேன்."

இரண்டு மாசமாக நான் கனவு கண்ட சாவி. கையை நீட்டியும் விட்டேன். ஆனால் மனசில் இன்னொன்று அரித்துக்கொண்டிருந்தது.

"செல்லத்தாயி சேலைய ஏன் என்றகிட்டக் குடுக்குல? நான் சொல்லி உங்கிட்டக் குடுக்க மாட்டனா?"

அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு, பரவால்ல."

"உங்ககிட்டக் குடுத்தா ஏதும் கொற சொல்லித் திருப்பிருவீகன்னு பயந்தாகக்கா" என்றாள். "வேற சேல வாங்க அவுககிட்ட ஒண்ணும் இல்ல."

நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் நான் திருப்பிக் கொடுத்த சேலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாவியை வாங்கவில்லை. திருவிழாவுக்கு அவளே கட்டினாள், பச்சைப் பட்டில், ஒரு ஊக்கு இல்லாமல். தேர் மேல் ஸ்டூல் போட்டு ஏறியபோது அது ஆடியது, நான்தான் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்து இறங்கி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"நல்லாருக்குது" என்றேன். வயிறு எரிந்தது, ஆனாலும் சொன்னேன்.