எடுக்கும் முன் ஒரு வாய்

அடுப்படியில் லைட்டரின் டக் டக் சத்தம் கேட்டதும் ஹாலில் அழுகை நின்றுபோனது.

தங்கம் அத்தை மூக்கைச் சிந்தப் போன முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். மதுமதி மாமனாரின் கால்மாட்டிலிருந்து எழுந்தே விட்டாள். தரையில் விரித்த பாயில் கருப்பசாமி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் படுத்திருந்தார். யார் பற்றவைத்தது என்று அகல்யா திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் காலையிலிருந்து அழாதவள் அம்மா ஒருத்திதான்.

"ஏ அகல்யா, உங்கம்மாவப் போய்ப் பாருடி," என்று அத்தை கிசுகிசுத்தாள். அத்தையின் கிசுகிசுப்பு லிஃப்ட் வரைக்கும் கேட்கும். "எங்கண்ணன் இங்க கெடக்குறாரு, இவ அங்க அடுப்பு மூட்டுறா! காப்பி வேணும்னா பக்கத்து வீட்ல குடுக்க மாட்டாகளா?"

காப்பியெல்லாம் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறியிருந்தது. லீலாவதி சிங்க்கில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"என்னம்மா செய்யிற?"

"பாத்தாத் தெரியலையா? உலை வச்சிருக்கேன். பாசிப்பருப்பு டப்பா எங்கடி? உங்க மதினி எத எங்க வைக்கிறான்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

"அம்மா, இது டர்பன் இல்லம்மா. டில்லி துவாரகா."

"ஊரு எதுவா இருந்தா என்ன? செத்தது அவருதான?"

அகல்யா பருப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாவும் அம்மாவும் டர்பனிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்தவர்கள். அடுத்த வாரம் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அண்ணன் ஜெயசீலன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, விடிய விடிய ஐசியூ வாசலிலேயே நின்றான். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இனி நண்பகலுக்குள் எடுத்தாக வேண்டும். அப்பாவோடு ஆர்.கே.புரத்தில் வேலை பார்த்த வைத்தி மாமா மயானத்தில் நேரம் வாங்கி, வண்டிக்கும் சொல்லிவிட்டார்.

"கேட்டுக்க," என்றாள் அம்மா, கரண்டியால் பருப்பைக் கிளறிக்கொண்டே. "உங்கப்பா தன்னை மண்ணுல வைக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு. டில்லியில நமக்கு அதுக்கு ஏதும்மா எடம்னு உங்கண்ணன் சொன்னான். சரின்னுட்டேன். எரிச்சுக்கங்க. ஆனா பசிச்ச ஒருத்தராச்சும் சாப்பிடாம அவர இந்த வீட்ட விட்டு எடுக்க விடமாட்டேன். இதுல நீங்க தலைகீழா நின்னாலும் நான் மசிய மாட்டேன்."

ஹாலில் அத்தை மறுபடி அழ ஆரம்பித்திருந்தாள். பருப்பு வேகும் வாசனை வந்ததும் அதையும் நிறுத்திவிட்டு, "கலி முத்திப்போச்சு," என்றாள்.

அத்தையைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் டர்பனைப் பார்த்ததில்லை. அகல்யா பார்த்திருந்தாள். ஒரு ஜூன் மாதம், பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

சன்மார்க்கத்தில் பசியாற்றுவதுதான் பூசை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். டர்பனில் சாட்ஸ்வொர்த் மேட்டில் சன்மார்க்க சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்னால் ஒற்றை அறை, அப்பா ரிட்டயரானதும் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றப் போய், அதில்தான் அவரும் அம்மாவும் ஒன்பது வருஷம் இருந்தார்கள். இருட்டு கலையும் முன்பே கொட்டகைக்கு வெளியே வரிசை நின்றிருக்கும். ஐஸ்கிரீம் டப்பா, பெயின்ட் வாளி, பிடி உடைந்த குவளை என்று கைக்குக் கிடைத்ததோடு ஆட்கள் வருவார்கள். அகல்யா கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்டாவுக்கு முன்னால், அரைக்கால் சட்டையும் குரங்குக் குல்லாயுமாக, துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த ஆள் அவளுடைய அப்பாதான்! ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்று மட்டும் சொல்லும் செக்‌ஷன் ஆபீசர். மடிப்புக் கலையாத சட்டை. தான் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத மனுஷன்.

"ஏங்க, அடிப்பிடிக்குது! கை என்ன கோலாட்டமா ஆடுது? அடியோட கிண்டுங்க!" என்று நாலு பேர் முன்னால் அம்மா கத்தினாள். குவார்ட்டர்ஸில் அம்மாவின் குரல் அடுப்படி தாண்டியதில்லை. அப்பா கோபப்படவில்லை. "ஜீ ஹுசூர்," என்று துடுப்போடு ஒரு சலாம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அவர் பாபா, அம்மா கோகோ. அப்பா என்றும் பாட்டி என்றும் அவர்கள் பாஷையில் அர்த்தமாம். வரிசை கரைந்ததும் இரண்டு பேரும் கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்து, பூசணித் துண்டு பெரிதா சிறிதா என்று ஒரு சண்டை போடுவார்கள். பிறகு அண்டாவை அவர் தேய்ப்பார், அவள் தண்ணீர் ஊற்றுவாள். நம் அப்பா அம்மா இத்தனை வயசுக்கு மேல்தான் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அகல்யா நினைத்துக்கொண்டாள். நினைக்கவே சந்தோஷமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில்தான் மூனசாமி அங்கிள் இறந்தார். கொட்டகையில் காய் நறுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சாவு என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் வேலை இரண்டாவது அண்டாவையும் ஏற்றியது. உடலைக் கொட்டகை நடுவில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மகள்களே பரிமாற, வரிசை வழக்கம்போல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. தீட்டு என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. "எனக்கும் இப்படித்தாம்மா," என்றார் அப்பா, வாளியோடு அவளைக் கடந்து போகும்போது.

ஜெயசீலன் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஏர்போர்ட்டில் கார்கோவில் வேலை. ஊர் உலகமெல்லாம் பெட்டி ஏற்றி அனுப்புகிறவன், டர்பனுக்கு மட்டும் போக மாட்டேன் என்றுவிட்டான். அப்பாவும் அம்மாவும் கிளம்பியபோது அவனுக்கு மகள் பிறந்து ஆறேழு மாதம். மதுமதி வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்பா," என்று அப்பா ஏர்போர்ட் வாசலில் சொன்னார். "ஆமா, தானாத்தான் வளரணும்," என்று அவன் டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். பிள்ளை கிரெஷ்ஷில் வளர்ந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வீடியோவில் கூப்பிடுவார். அவன் "ம்" என்பான், "சரி" என்பான், போனை மகளிடம் கொடுத்துவிடுவான்.

கஞ்சி தயாரானது. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, தளதளவென்று நன்றாகவே வந்திருந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை.

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து அப்பாவுக்குப் பூ வைத்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் பதறி, "பாத் மே, ஆன்ட்டிஜி, பாத் மே," என்று, அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லிப் பின்னுக்கு நகர்ந்தாள். அகல்யா ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு கீழே போனாள். வாட்ச்மேன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். வண்டி டிரைவர், தான் இந்த வேலையில் இருந்தாலும் சாவு வீட்டில் கை நனைப்பதில்லை என்றான். டில்லியில் பசித்தவர்கள் இல்லாமலா போனார்கள்? மேம்பாலத்துக்கு அடியில் குடும்பம் குடும்பமாகக் கிடக்கிறார்கள். அவர்களை இந்த அடுக்குமாடி சொசைட்டி கேட்டுக்குள் யார் விடுவார்கள்? அவள் ஆறிய கிண்ணத்தோடு மேலே வந்தாள்.

"நான் சாப்பிடறேம்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "பசிக்குதாடி உனக்கு?"

அகல்யா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒப்புக்குச் சாப்பிடாத. அது அவருக்குப் பிடிக்காது," என்று அம்மா கிண்ணத்தை வாங்கிக் கஞ்சியைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினாள். பாத்திரத்தை மூடப் போனவள் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். இவள் தோற்றுவிடப் போகிறாள் என்று அகல்யாவுக்குப் பயமாக இருந்தது. அப்பா கேட்டதில் இந்த ஒன்றுதான் பாக்கி. இதுவும் போய்விட்டால் அந்த ஒன்பது வருஷமும் யாரோ யாருக்கோ செய்ததாகிவிடும்.

ஜெயசீலன் குளித்து, ஈர வேட்டியோடு வந்தான். பாடை லிஃப்டுக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு நாலு பேர் வாசலில் தயாராக நின்றார்கள்.

"நாழியாறதுப்பா," என்றார் வைத்தி மாமா. "அங்க நமக்கப்புறம் வேற ஆள் இருக்கா. ஜல்தி."

லீலாவதி கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஒருத்தராச்சும் சாப்பிடட்டும். அப்புறம் எடுங்க."

"அம்மா, போதும்மா."

"ஒருத்தர் போதும்யா."

"யாருக்கும்மா இங்க பசிக்குது?" ஜெயசீலன் கத்திவிட்டான். "ஊரு பசியெல்லாம் தேடிக் கப்பலேறிப் போனீங்கள்ல ரெண்டு பேரும்? இந்த வீட்ல யாருக்குப் பசின்னு ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தீங்களா?"

வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மதுமதி கணவனின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் விட்டாள். அகல்யா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை பார்ப்பதுபோல, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ராத்திரி முழுக்க நின்ற கால்கள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் போகாத வயிறு ஒட்டிக் கிடந்தது.

"உனக்குப் பசிக்குதாய்யா?" என்று கேட்டாள்.

"ஏய் லீலா!" அத்தை பதறினாள். "கொள்ளி வைக்கிற பிள்ளைக்குப் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது!"

அத்தையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயசீலனின் தாடை இறுகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அகல்யா அவன் பதினைந்து வயசில் ஸ்கூல் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்படிக்குள் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் நின்றான்.

"பசிக்குதும்மா," என்றான்.

சொன்னதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். ஈர வேட்டி தரையை நனைத்தது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து அவன் முன்னால் கிண்ணத்தை வைத்து ஊற்றினாள்.

"சுடுது. ஊதிக் குடி."

அவன் ஊதினான். குடித்தான். உறிஞ்சும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. வைத்தி மாமா கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கி, பார்க்காமலே இறக்கிக்கொண்டார். வெளியே லிஃப்ட் வந்து, கதவு திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது.

ஜெயசீலன் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினான்.