தங்கைக்கு ஒரு தனிப் பட்டியல்

புஷ்பகலா கைப்பேசியில் பின்தொடரும் நானூற்றுப் பதினொரு பேரும் காலை ஆறு மணிக்கு அவளுடைய திண்டுக்கல் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தலைமுடியில் சிக்கியிருக்கும் அரிசியை எடுத்துக்கொண்டே அவள் கேட்பாள். அரிசி தினமும் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, மஸ்கட்டில் வாழும் தங்கை சந்திரகலா. மாதத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுவாள், அதுவும் மெல்லிய குரலில். போன மாதம் அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. குறுக்கே நின்று ஒருவர் ரவா தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மாதமும் தவறவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புஷ்பகலா ஆட்களைப் பட்டியல் போட்டுப் பிரித்தாள். சமையல் சொல்பவர்கள் அடுக்களைக்குப் போனார்கள். வானிலைக்காரர் பால்கனிக்குப் போனார். அரசியல் பேசுபவர்களுக்கு மொட்டைமாடி.

"வெயில்லயாம்மா நிக்கச் சொல்றீங்க?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"நீங்க கத்துற கத்துக்கு மழையே வந்துரும் அண்ணே, ஏறுங்க."

சந்திரகலாவை உறவினர் பட்டியலில் சேர்த்துப் படுக்கையறையில் உட்கார வைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. பெரியப்பா ரோஜாப்பூவை நீட்டிக் காலை வணக்கம் சொன்னார். நாற்பத்து மூன்று பேர் ஒருவர் விடாமல் பதில் வணக்கம் சொன்னார்கள். நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாது, அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

இதற்குள் சந்திரகலா தொண்டையைச் செருமிவிட்டாள்.

"ஐயோ, இருடி! இன்னும் சொல்லிராதே!"

புஷ்பகலா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். ஒரே ஒரு பெயர் கொண்ட புதுப் பட்டியல் எழுதினாள். வீட்டில் காலியாக இருந்தது வாஷிங் மெஷின் மட்டுமே. தங்கை புடவையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். அக்கா மூடியைத் தூக்கிப் பிடித்துத் தலையை உள்ளே நீட்டினாள்.

"இடம் போதுமாடி?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். வாக்கியத்தை வீணாக்க மாட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, தினமும் எங்க வீட்டுக்கு வர்ற உனக்கு மட்டும்னு அரிசி டிரம்மை ஒதுக்கி வச்சிருக்கேன், இப்போ புது மூட்டை கொட்டப்போறேன், காலை மடக்கிக்கோ."

"சரிடி" என்றாள் புஷ்பகலா. மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கால்களை மடக்கிக்கொண்டாள்.

மேலிருந்து அரிசி விழ ஆரம்பித்தது. பொன்னி அரிசி.