சிவப்பு மூடி

மெரிட் முதல் குத்தை விட்டதே ஒரு எண்ணுக்காகத்தான்.

ஓரின் அவன் அண்ணன். கவுண்டி சந்தையின் பீர் போட்டியில் மூன்று வருஷமாகப் பரிசு ரிப்பனைத் தட்டிக்கொண்டு போகிறவன். இந்த ஆகஸ்ட்டில் ஒரே பானையில் காய்ச்சிய மால்ட் சாற்றை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பிரித்து, அண்ணன் பெல்ஜிய ஈஸ்ட்டும் தம்பி இங்கிலீஷ் ஈஸ்ட்டும் போட்டார்கள். பெல்ஜியம் பகாசுரன், ஒரு சொட்டு சர்க்கரையை மிச்சம் வைக்காது. இங்கிலீஷோ சோம்பேறி, பாதி தின்றதும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மிச்ச சர்க்கரையைக் காட்டும் மெரிட்டின் அளவுமானி இருபதிலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டுக்கு இறங்காமல் பாட்டிலில் அடைத்தால், மிச்ச சர்க்கரை உள்ளேயே வாயுவாகி வெடிகுண்டுதான். ஈஸ்ட்டை உலுக்கி எழுப்பிக் காத்திருக்க நாள் இல்லை. இந்த முறையும் தோற்றால் ஊர் சிரிக்குமே!

"பன்னெண்டு," என்றான் மெரிட்.

"எங்க, காட்டு."

"அப்ப நான் புளுகுறேனா?"

அண்ணன் மூக்கில் விழுந்தது குத்து. ஓரின் சும்மா இருப்பானா? தம்பியை ஃபிரிட்ஜோடு சேர்த்து அறைந்து, வயிற்றில் முழங்காலை இறக்கினான். "தொலைடா! உன் பீரு, உன் மானம்!"

தம்பி சிவப்பு மூடி, அண்ணன் கறுப்பு மூடி போட்டு அடைத்தார்கள். பாட்டில்களை வைத்திருந்த காரேஜ் பத்து நாள் அடுப்பாய்க் கொதித்தது.

சந்தைக்குக் கிளம்பிய காலையில் பெட்டிகளை எடுக்கக் குனிந்தார்கள். டமார்! ஒரு பாட்டில் வெடித்ததும் பக்கத்தில் இருந்ததும் வெடித்தது. ஓரின் தம்பியைத் தரையில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டான். அவன் முதுகில் கண்ணாடி மழை பெய்தது. அடுத்த சத்தத்துக்குத் திரும்பிய அவன் முகத்தில் ஒரு துண்டு பாய்ந்தது.

சத்தம் ஓய்ந்தது. ஓரினின் இடது கண்ணிலிருந்து ரத்தம் கொட்டியது.

"என்னுதுதான்டா வெடிச்சுது," என்று முனகினான். "அந்த பெல்ஜிய சனியன் அடங்காதுன்னு தெரியும். மன்னிச்சிருடா."

மெரிட் சுற்றிப் பார்த்தான். கறுப்பு மூடிகள் வரிசை கலையாமல் நின்றன. தரையெல்லாம் சிவப்பு மூடிகள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மூடியைப் பொறுக்கி அண்ணன் கையில் வைத்தான்.

"சிவப்புண்ணே. இருபதுல நின்னுது. பொய் சொல்லிட்டேன். அடி."

ஓரினின் கை இறுகி முஷ்டியாயிற்று. மெரிட் முகத்தைக் கொடுத்துக் காத்திருந்தான்.

"அடிக்கிறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றான் ஓரின். "முதல்ல வண்டிய எடுடா. கண்ணு தெரியல."