சம்பந்தியின் கார்

"சீட் சௌகரியமா இருக்கா?" என்று நர்ஸம்மா கேட்டதும் டெய்லரம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஆறு வருஷமாக மாதம் ஒரு சனிக்கிழமை இதே பழைய காரில் இருவரும் கடற்கரை நகரத்துக்குப் போய் வருகிறார்கள். ஒரு நாளும் இந்த அம்மாள் சௌகரியம் விசாரித்ததில்லை. "ஏறுங்க, நடுவழியில நின்னா தள்ளப் போறது நீங்கதான்" என்பதுதான் வழக்கமான வரவேற்பு.

டெய்லரம்மாவின் மகனும் நர்ஸம்மாவின் மகளும் போன மாதம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். கடைசியும் இதுதானோ? மரியாதையாகக் கூட்டிப் போய், மரியாதையாக வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் போனைக்கூட எடுக்காமல் இருந்துவிடுவாளோ? வீட்டுக்காரர் போன பிறகு டெய்லரம்மா மனம்விட்டுப் பேசுவதற்கு இருந்தது இந்த ஒரு ஆள்தான்.

"கடையில வேலை எப்படி?"

"பரவாயில்ல. உங்க முட்டிவலி?"

"பரவாயில்ல."

பரவாயில்லை, பரவாயில்லை என்றே பாதித் தூரம் போயிற்று.

மேட்டில் ஏறும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நர்ஸம்மா ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள். இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துவிட்டால் வண்டி தாங்கும் என்று மெக்கானிக் சொல்லித் தந்த வைத்தியம். வெளியே உச்சி வெயில், உள்ளே காலடியில் அடுப்பு.

"சிரமமா இருக்கும், மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று டெய்லரம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். போன வருஷம் இதே மேட்டில், "என்னை வேக வச்சு யாருக்குப் பரிமாறப் போறீங்க?" என்று கத்தியவள் அவள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிய ஆள், "அக்கா தங்கச்சியா?" என்றான்.

"சம்பந்தி" என்றாள் நர்ஸம்மா, பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு உதட்டைக் கடித்தாள்.

"இந்த வண்டியில ஒண்ணா வந்திருக்கீங்களே, ஒத்துமையான சம்பந்திங்கதான்!" என்று சிரித்துவிட்டு அவன் அடுத்த வண்டிக்குப் போனான்.

கடலைப் பார்த்த சிமென்ட் பெஞ்சில் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு உட்கார்ந்தார்கள். நர்ஸம்மாவின் ஐஸ்கிரீம் மணிக்கட்டு வரை வழிந்தது.

"இனிமே சம்பந்தின்னு சொல்லக் கூடாது, இல்ல?" என்றாள்.

"அதுங்க ரெண்டும் கையெழுத்துப் போட்டுச்சுங்க. நாம எங்க போட்டோம்?"

டெய்லரம்மாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நர்ஸம்மா வழிந்த ஐஸ்கிரீமை முந்தானையில் துடைத்தாள்.

"உங்க பையன் மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது, சம்பந்தி. காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"சொல்லிடுங்களேன்."

"சொன்னா அப்புறம் என்கூட வருவீங்களா?"

டெய்லரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் பயம் இவளுக்கும்தானா!

"வருவேன். எனக்கும் உங்க பொண்ணு மேல மூட்டை மூட்டையா இருக்கு."

"என் பொண்ணு மேலயா? அவ என்ன பண்ணினா?"

போட்ட சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சே திரும்பிப் பார்த்தது. "கார்ல போய்ப் பேசலாம், எழுந்திருங்க" என்று டெய்லரம்மா கையைப் பிடித்துத் தூக்கினாள்.

திரும்பும் வழியெல்லாம் சண்டை.

"நாள் கணக்கா பேசாம இருந்தானே, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"உங்க பொண்ணு வாயை மூடினாத்தானே அவன் திறக்கறதுக்கு!"

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, எதிரே யாருமில்லாத ரோட்டில் ஹார்னை அழுத்தினாள். சிரித்த கண்ணில் தண்ணீரும் வந்தது.

"பாவம் சம்பந்தி, ரெண்டும்."

"பாவம்தான். அதுக்காக உங்க பொண்ணு செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆரம்பிச்சாச்சா மறுபடியும்!"

டெய்லரம்மாவின் வாசலில் கார் இருமி நின்றது.

"இறங்குங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல."

"எனக்கு மட்டும் பிடிக்குதா? நாளைக்கு மத்தியானம் சாப்பிட வந்து சேருங்க. நான் இன்னும் பேசி முடிக்கல" என்று சொல்லி டெய்லரம்மா கதவை அறைந்தாள். அது சரியாகச் சாத்தவில்லை. திறந்து இன்னொரு தடவை அறைந்தாள்.