பூஜ்யத்தின் இடப்பக்கம்

x பூஜ்யத்தை நெருங்கும்போது 1/x-இன் எல்லை என்ன என்ற கேள்விக்கு, எல்லை கிடையாது என்று எழுதியிருந்தேன். கணக்கு வாத்தியார் குமரகுருபரன் சிவப்பு மையில் முட்டை போட்டிருந்தார். தாளோடு ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"கைடுல முடிவிலின்னு இருக்கு, ரெனிஷா. நான் போர்டுல எழுதிப் போட்டதும் அதான். வகுப்பே அப்படித்தான எழுதியிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "0.001 போட்டா ஆயிரம். மைனஸ் 0.001 போட்டா மைனஸ் ஆயிரம். ஒரு பக்கம் மேல ஏறிக்கிட்டே போவுது, மறுபக்கம் கீழ இறங்கிக்கிட்டே போவுது. ரெண்டும் எங்கன சார் சேரும்?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு முட்டையை அடித்துவிட்டு, முழு மார்க் போட்டு நீட்டினார். "யார்ட்டயும் சொல்லிக்கிடாத."

நான் வாங்கவில்லை.

"மார்க்க நீங்களே வச்சுக்கிடுங்க சார். வகுப்புக்கு வந்து, போர்டுல எழுதுனத அழிங்க."