அரசி இன்னும் இறங்கவில்லை

“அரசி அழுகிறாள்” என்று நான் ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

நாடகப் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் வசனத்தோடு சேர்த்து உருப்போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கமா, புள்ளி விடாமல் உருப்போட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தேன். போன முறை இந்த ஆங்கிலத் தாள் என்னைக் கவிழ்த்துவிட்டது. இன்றைக்கு நடித்துக் காட்டினால்தான் மதிப்பெண். மறுபடி போனால் பட்டம் கிடையாது. இதில் எவனோ செத்துப்போன ராஜாவுக்காக நான் அழ வேண்டுமாம்.

“அதைச் சொல்லக் கூடாதும்மா, செய்யணும். அழு,” என்றார் மேடம்.

“எனக்கு அழ வராது மேடம்.”

“வேற என்ன வரும்?”

“கோவம்தான் வரும்.”

“அது எங்களுக்கே தெரியும்,” என்றாள் பின்பெஞ்சில் ஒருத்தி. மறுபடி சிரிப்பு.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. தன் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். “இதான் சிம்மாசனம். உக்காரு. மந்திரி உன்னை வெளிய போகச் சொல்ல வரான். கோவத்தோடவே பேசு, பாக்கலாம்.”

மந்திரியாக வந்தவன் எங்கள் வகுப்பின் ‘ரேடியோ’. ஆங்கிலம் அவன் வாயில் தண்ணீராக ஓடும். அரண்மனையைக் காலி செய்யுங்கள், எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று இடுப்பில் கைவைத்து அவன் இனிக்க இனிக்கச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எங்கள் வீட்டு ஓனர் வந்து நின்ற அதே நிற்பு. அன்றைக்கு அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எந்தக் காலத்திலோ ராஜா ராணிக்கு வசனம் எழுதினவன் எங்கள் ஓனரை எங்கே பார்த்தான்?

உருப்போட்ட அதே வரிகள்தான். மடியில் இல்லாத வெங்காயத்தை உரித்தபடி மெதுவாகச் சொன்னேன். ஒரு வரிக்கு ஒரு தோல். பின்பெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் அரசி எழுந்து வெளியேற வேண்டும். நான் எழவில்லை.

ரேடியோ குனிந்து கிசுகிசுத்தான். “ஏய், எழுந்துரு. நீ போனாத்தான் எனக்கு அடுத்த டயலாக்.”

“முடிஞ்சா எழுப்பிப் பாருடா.”

மேசைகள் அதிர்ந்தன. “விடாதடி ராணி!” பின்பெஞ்சுக்காரியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. பேச வார்த்தை இல்லாமல் ரேடியோ முழித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

“மேடம், அடுத்த காட்சியில இவ என்ன ஆவா?” என்று கேட்டேன். முழுக் கதைச்சுருக்கமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் கேட்டேன். மதிப்பெண்ணைக் கேட்கத் தோன்றவில்லை.

மணி அடித்தது. கணக்கு சார் வாசலில் நின்றார். “மேடம், என் பீரியட். அந்த நாற்காலி…”

“அரசி இன்னும் இறங்கலை சார்,” என்றார் மேடம்.

சார் சாக்பீஸ் டப்பாவோடு அங்கேயே நின்றார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.